தட்டு வாங்கிய தெரு

மேட்டுத்தெரு பெரியநாயகிக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்களும் சொல்வார்கள், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவள் கண்டக்டர்களோடு போட்ட சண்டைகள் அப்படி. பஸ்ஸின் நெற்றியில் திட்டக்குடி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது எதுவரைக்கும் போவுதுங்க?" என்று கேட்பாள்.

"போர்டுலதான் எழுதியிருக்குதேம்மா."

"எழுதியிருக்கிறது தெரியுது. போவுமான்னு கேக்குறேன்."

பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். அவள் அசைய மாட்டாள். கண்டக்டர் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைப்பாள்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. நல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவள். ஊரில் ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் இருந்தது. படிப்பில் கெட்டி. ஐந்தாவது பாஸாகி, கோடை விடுமுறை முடிந்து, எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றாள். வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்து, "உனக்குத்தான் இங்க முடிஞ்சிபோச்சே, எதுக்கு வந்தே?" என்றார். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தாலும் அவள் அப்பா அனுப்பியிருப்பாரா என்பது வேறு விஷயம். ஆனால் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் என்பது ஒரு நாள் முடிந்துபோகும் என்பதே அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அந்த வாரமே ஆடு மேய்க்கப் போய்விட்டாள். அந்த வாத்தியார் முகம் இப்போது அவளுக்கு மறந்துவிட்டது. கோபம் மறக்கவில்லை.

கல்யாணமாகி விருத்தாசலம் வந்தாள். புருஷன் பக்கிரி செராமிக் கம்பெனிகளுக்கு மண் ஏற்றிவரும் லாரியில் லோடுமேன். குடிக்காதவன், சொன்ன சொல் மாறாதவன். இந்த இரண்டாவது குணமே அவளுக்கு எப்படி வினையாக வந்து நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அவளும் ஒரு பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தாள். அச்சில் மண்கூழை ஊற்றி எடுத்த பொம்மைகளுக்கு இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். காய்ந்த பிறகு அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, தழும்பு இருந்த இடமே தெரியாமல் செய்ய வேண்டும். நீள மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாளெல்லாம் இதைச் செய்வார்கள். பெரும்பாலும் மேட்டுத்தெருப் பெண்கள்தான்.

ஒரே மகள் துர்கா. தெரு முனையில் இருந்த தொடக்கப்பள்ளியில் படித்தாள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஐந்தாவது முடித்தாள்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் வேலை முடிந்து பெரியநாயகி வீட்டுக்கு வந்தபோது, சாமி படத்துக்குக் கீழே ஒரு தாம்பூலத் தட்டு இருந்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் குங்குமம், ஒரு முழம் கதம்பம். பக்கத்தில் புது எவர்சில்வர் டிபன் டப்பாவைத் துர்கா மடியில் வைத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"யாரு வூட்டு விசேஷம்?" என்றாள்.

"விசேஷம் இல்ல. ஸ்கூல்லேர்ந்து வந்தாங்க" என்றான் பக்கிரி. முகமெல்லாம் பெருமை. "பானுமதி டீச்சரும் இன்னும் ரெண்டு டீச்சரும். துர்காவ ஆறாவதுக்கு அவங்க ஸ்கூல்ல சேக்கணுமாம். எவ்வளவு மரியாதையா கேட்டாங்க தெரியுமா? நானும் சரின்னுட்டேன்."

பழமலைநாதன் என்பவர் நடத்திய நடுநிலைப்பள்ளி அது. அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், நிர்வாகம் அவருடையது. வருஷா வருஷம் ஏப்ரலில் அந்தப் பள்ளி ஆசிரியைகள் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி மேட்டுத்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஐந்தாவது முடிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் தட்டு வைப்பார்கள். தெருவே பூரித்துப்போகும். படித்தவர்கள், டீச்சர்கள், நம் வாசலேறி வந்து தாம்பூலம் வைக்கிறார்கள் என்றால் சும்மாவா? வாங்கிய பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள். தாம்பூலம் மாற்றிக்கொண்டால், மாப்பிள்ளை மொடாக்குடியன் என்று மறுநாள் தெரிந்தாலும் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு அழுகிற ஜனம் இது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த வாக்கை மட்டும் மீறிவிடுவார்களா?

பெரியநாயகி தட்டையே பார்த்தாள். "அந்த ஸ்கூலு எதுவரைக்கும்?"

"எட்டாவது."

"அப்புறம்?"

பக்கிரி விழித்தான். "அப்புறம் அவங்களே பாத்துப்பாங்க."

"அவங்க சொன்னாங்களா?"

"அத எப்படிக் கேக்குறது? தட்டோட நிக்கிறாங்க."

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னைக் கேட்காமல் வாங்கிவிட்டான் என்ற கோபம் ஒருபக்கம். அது ஆறிவிடும். அப்புறம் என்ன என்ற கேள்விக்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லையே, அதுதான் அவளை அரித்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் விருத்தகிரியைப் பார்க்கப் போனாள். நல்ல மனுஷர் என்று பெயரெடுத்தவர். நாற்காலி போடச் சொன்னார். டீ வாங்கிவரச் சொன்னார்.

"சார், இங்க அஞ்சாவது முடிச்ச புள்ளைங்கல்லாம் எங்க போவுதுங்க?"

"பழமலைநாதன் சார் ஸ்கூலுக்குத்தாம்மா. வருஷா வருஷம் ஒண்ணு விடாம நானே கொண்டுபோய்ச் சேத்துடுவேன். டி.சி.ய உங்க கையில குடுத்தா தொலைச்சிப்புடுவீங்க, இல்ல மழையில நனைச்சிடுவீங்க. அதனால மொத்தமா அங்கயே குடுத்துடறது."

"எம்பொண்ணு டி.சி.யுமா?"

"குடுத்தாச்சே. உங்க வூட்டுக்காரர் கையெழுத்து போட்டிருக்காரே."

தட்டு வாங்கிய கையோடு பக்கிரி ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை அவன் வீட்டில் சொல்லக்கூட இல்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. பெரியநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரிங்க சார். அங்க எட்டாவது முடிச்சிட்டு எங்க போவுதுங்க?"

"அது அவங்க பாத்துக்கணும். நம்ம பொறுப்பு அஞ்சாவதோட முடிஞ்சுபோச்சில்லையா?" என்று சிரித்தார் விருத்தகிரி.

டீ வந்தது. அவள் அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் சொன்ன அதே வார்த்தை. இவர் நாற்காலி போட்டு, டீ கொடுத்துச் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் கம்பெனியில் பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. மேசையின் அந்தப் பக்கம் கார்முகில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயசுப் பெண். அவளுக்குப் பக்கத்தில் வளர்மதி, அதற்கப்பால் அம்சவல்லி. எல்லாரும் மேட்டுத்தெரு. எல்லாரும் அந்தத் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு அந்த நடுநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். எட்டாவது முடித்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஊரெல்லாம் விசாரிக்கக் கிளம்பினாளே, அவர்கள் தினமும் இவளோடு உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். ஒருநாளாவது கேட்டாளா? இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கார்முகில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏண்டி, எட்டாவதுக்கு அப்புறம் நீ ஏன் போகல?"

கார்முகில் யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. "டி.சி. குடுத்தாங்கக்கா. எங்கயாவது சேந்துக்கோன்னாங்க. எங்கப்பா ஒரு ஸ்கூல்ல போய் நின்னாரு. கணக்குல ஒண்ணு போடச் சொன்னாங்க. எனக்கு வரல. ஏழாவதுலயும் எட்டாவதுலயும் எங்களுக்குக் கணக்கு டீச்சரே இல்லக்கா. தமிழ் டீச்சர்தான் வந்து, சத்தம் போடாம உக்காருங்கன்னுட்டுப் போவாங்க. ஒன்னும் தெரியலயேன்னு அந்த சாரு சிரிச்சாரு. எங்கப்பாவுக்கு ரோஷம் வந்துட்டுது. வாடி போலாம்னு இட்டுட்டு வந்துட்டாரு."

"மத்ததுங்க?"

"வளர்மதி போகவே இல்ல. அம்சவல்லி வேற ஒரு ஸ்கூலுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு நின்னுட்டா. பசங்க சூளைக்குப் போறானுங்க."

அந்தப் பெண் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டே, யாரோ எவரோ கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் பெரியநாயகிக்குத் தாங்கவில்லை. சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், "தட்டத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

பக்கிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னா பேசுற நீ? தாம்பூலம் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்தா தெருவுல தலை காட்ட முடியுமா? நாளைக்கு நம்ம பேச்ச எவன் நம்புவான்?"

"உங்க பேச்சு பெருசா, எம்பொண்ணு படிப்பு பெருசா?"

"சரி, திருப்பிக் குடுத்துட்டு எங்க கொண்டுபோய்ச் சேப்பே?"

"மொதல்ல குடுத்துட்டு வரேன்" என்றாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஆசிரியர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துக் கிளம்பினாள். அதே தட்டைப் புளி போட்டுத் துலக்கி, புது வெற்றிலை, புதுப் பழம், புதுப் பூ, மஞ்சள் குங்குமம் வாங்கி வைத்தாள். வந்ததில் ஒன்று குறைந்தாலும் மரியாதையில்லை. டிபன் டப்பாவைக் கொடுக்கத்தான் துர்கா அழிச்சாட்டியம் பண்ணினாள். மூலையில் உட்கார்ந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியில் பக்கிரிதான் அதை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, மனைவிக்குப் பத்தடி பின்னால், யாரோ போல நடந்து வந்தான். அவள் நினைப்பு பிடிக்கவில்லை, அவளைத் தனியாக அனுப்பவும் மனசில்லை.

பழமலைநாதன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆசிரியர்கள். பெரியநாயகி நேரே போய்த் தட்டை மேசைமேல், அவருக்கு முன்னால் வைத்தாள்.

"நாங்க வாங்குன தாம்பூலம் சார். திருப்பிக் கொண்டாந்துட்டோம். எம்பொண்ணு டி.சி.யக் குடுங்க."

பழமலைநாதன் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா இது? இது ஸ்கூலும்மா. நீ என்னமோ கல்யாணச் சம்பந்தம் முறிக்கிற மாதிரி தட்டத் தூக்கிட்டு வர்ற."

"அத நான் உங்களக் கேக்கணும் சார். ஸ்கூலுன்னா ஃபாரத்த மட்டும் எடுத்துட்டு வந்திருக்கலாமே, ஏன் தட்ட எடுத்துட்டு வந்தீங்க? ஃபாரத்துல மட்டும் கையெழுத்து போட்டா எங்க ஆளுங்க நாளைக்கு யோசிப்பாங்க, நாலு எடத்துல கேப்பாங்க. தாம்பூலம் வாங்கிட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. அது தெரிஞ்சிதான வந்தீங்க?"

"உங்களுக்குப் போய் மரியாதை பண்ணோம் பாரு" என்றார் அவர்.

"கணக்கு டீச்சரப் போடுங்க சார். அது மரியாதை."

வாசலில் நின்ற பக்கிரி தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் போகவில்லை. பிறகு என்ன நினைத்தானோ, உள்ளே வந்து துண்டைப் பிரித்து டிபன் டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு மனைவிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

தட்டு மேசைமேல் இருந்தது. அதைத் தள்ளி வைக்கவும் முடியாது, எடுத்து வைத்துக்கொள்ளவும் கை வராது. பழமலைநாதனும் இந்த ஊர்க்காரர்தானே. பூவும் குங்குமமும் இருக்கிற தட்டை ஒதுக்கிவிட்டு வேறு பேச்சுப் பேச அவரால் முடியவில்லை. ஆபீஸ் அறைக்கு ஆள் அனுப்பி, டி.சி. கட்டுக்குள்ளிருந்து துர்காவுடையதை உருவச் சொன்னார். கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் போட்டார். "எங்க சேத்துப் பெரிய கலெக்டர் ஆக்குறேன்னு நானும் பாக்குறேன்."

"பாருங்க சார்" என்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பானுமதி டீச்சர் ஓடிவந்து அவளை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கே நியாயமாக்கா? ஆறாவதுல தலை குறைஞ்சா ஒரு போஸ்ட்ட எடுத்துடுவாங்க. நான்தான் கடைசியா சேந்தவ. என்னைத்தான் தூக்குவாங்க. எனக்கும் குடும்பம் இருக்குதுக்கா."

நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். பெரியநாயகிக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை. "உங்க பொண்ணு எங்க படிக்குது டீச்சர்?"

பானுமதி சுற்றும் முற்றும் பார்த்தாள். "டவுன்ல. கேர்ள்ஸ் ஸ்கூலு."

"அது எதுவரைக்கும்?"

"பன்னெண்டாவது வரைக்கும்."

"அங்க கணக்கு டீச்சர் இருக்குறாங்களா?"

பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குள் திரும்பிப் போனாள். பெரியநாயகி பக்கிரியைத் திரும்பிப் பார்த்தாள். எங்கே சேர்ப்பாய் என்று கேட்டவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் துர்காவைக் குளிப்பாட்டி அழைத்துக்கொண்டு போனாள். பெரிய பள்ளிக்கூடம். உள்ளே கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. தலைமையாசிரியை டி.சி.யைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "மேட்டுத்தெருவா? அது பழமலைநாதன் சார் ஸ்கூல் தெருவாச்சே?"

"தெரு என்னாங்க அவரு வாங்கிப் போட்டதா?"

"அப்படியில்லம்மா. ஸ்கூல்களுக்குள்ள ஒரு பழக்கம். இந்தத் தெரு உங்களுக்கு, அந்தத் தெரு எங்களுக்குன்னு. ஒருத்தர் ஏரியாவுல ஒருத்தர் போய்ப் பிள்ளை கேக்க மாட்டோம். வீண் மனஸ்தாபம் வேணாம் பாருங்க. அதனால நாங்க அந்தப் பக்கமே வர்றதில்ல."

"நாங்களா வந்தா?"

"வந்தா சேத்துக்குவோமே. யாரு வேணான்னா? இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே." இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. தெருவைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பாகத்தில் கிடக்கிற பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெரியநாயகி பல்லைக் கடித்துக்கொண்டாள். இங்கே சண்டை போட்டால் கெடுவது துர்கா. பெரியநாயகி இவ்வளவு தூரம் வாயைக் கட்டிக்கொண்டு நின்ற இடம் வேறு இல்லை.

துர்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாவது பி பிரிவு. புத்தகமும் அன்றைக்கே கொடுத்தார்கள்.

பெரியநாயகி அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போனாள். வழியில் வாங்கிய மிட்டாயை மேசைப் பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பழமலைநாதன் விழித்த விழியை நடித்துக் காட்டினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கார்முகில் மட்டும் மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஸ்கூலுக்கா? நாம வர்ற வழியில நீளமா ஒரு மதிலு வருமே, அதுவா?"

"அதேதான்."

"அங்க ஒன்பதாவது இருக்குதா?"

"பன்னெண்டு வரைக்கும் இருக்குது."

"நம்மளயெல்லாம் சேத்துக்குவாங்களா?"

"வந்தா சேத்துக்குவோம்னுதான் சொன்னாங்க."

கார்முகில் மிட்டாயை மேசைமேல் வைத்தாள். "நெழலுக்காக தெனமும் அந்த மதில ஒட்டியேதான்கா நடந்து வரேன். உள்ள புள்ளைங்க சத்தம் கேக்கும். அது ஆபீசரு வூட்டுப் புள்ளைங்களுக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பெரியநாயகியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நேற்று வேப்பமரத்தடியில் பானுமதி சொல்லும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள். விருத்தகிரிமேல், பழமலைநாதன்மேல், கண்ணாடி போட்ட அந்த அம்மாள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து இப்போது தன்மேலேயே திரும்பியது. காலையில் அந்தத் தலைமையாசிரியைக்கு எதிரில் அவ்வளவு நேரம் நின்றாளே, இந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை கேட்டாளா?

"உன் டி.சி. எங்கடி இருக்குது?"

"வூட்டுல, டிரங்குப் பெட்டியில."

"எழுந்திரு."

"கணக்கு கேட்டாங்கன்னா எனக்கு வராதுக்கா."

"வராததுனாலதான்டி ஸ்கூலு. எழுந்திரு."

கார்முகில் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தபடி எழுந்தாள். மேஸ்திரி அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு பேரும் வேலைய வுட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்று கத்தினார். பெரியநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்சவல்லியும் எழுந்துகொண்டிருந்தாள்.